மாதிரி எண் ஏழு

பாம்பன் ஏலக்கூடத் தராசில்தான் முதலில் வைத்தேன்.
நண்டுக் கூடைக்கும் திருக்கைக்கும் நடுவே
கறுத்து மினுங்கிக் கிடந்தது.
ஒரு கிலோ எண்ணூற்று எழுபது.
பெட்டியில் அச்சிட்டதைவிட இருபது கிராம் கூட.
தராசில் கிடந்த ஈரமென்று விட்டுவிடலாம்.
கிலோ என்ன விலை, என்றார் சவேரியம்மாள்.
ஐம்பதாயிரம்.
அவர் சிரிக்கவில்லை.
விரல்முட்டியால் தட்டினார், காதை வைத்தார்,
உள்ள ஒண்ணுமே இல்லையே, என்றார்.
அதுதான் அக்கா. அதற்குத்தான் காசு.

ஆனி பிறந்து பத்து நாள். கச்சான் கிளம்பிவிட்டது.
முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும்
தார்ச்சாலையில் மணல் ஊர்கிறது.
ஒன்பது மீட்டர் பட்டம் கட்டினேன்.
என் எடை அறுபத்து நாலு,
இடது முழங்கால் போன வருஷம் தைத்தது
(படிவத்தில் இதற்குக் கட்டமில்லை, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்).

கழிக்குள் தண்ணீர் தகடாய்க் கிடந்தது.
குதிகாலை அழுத்தினேன். இல்லை,
அழுத்தலாமென்று நினைத்தேன், அதற்குள் திரும்பிவிட்டது.
என் மரப்பலகையிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்,
இரண்டாவது தடவை கொஞ்சம் திட்டிச் சொல்ல வேண்டும்.
இது வாயைத் திறக்கும் முன்னே கிளம்புகிறது.
விளிம்பு கடித்துப் போன தடம்
வெள்ளையாய், மயிரிழை அகலத்தில்,
வளைந்து, இன்னும் வளைந்து,
புறப்பட்ட இடத்தை நானே எதிரில் பார்த்தேன்.
பத்தடியில் நின்ற கொக்கு எழவில்லை.

அடுத்தது மன்னார் பக்கம்.
மணல்திட்டைப் பலகையோடு நடந்து கடந்தேன்,
கக்கத்தில் இருப்பதே தெரியவில்லை.
அங்கே அலைக்கு ஒழுங்கு கிடையாது,
குட்டை குட்டையாய் எல்லாத் திக்கிலிருந்தும் வரும்.
கனத்த பலகையென்றால் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும்.
இது ஒன்றையும் விழுங்குவதில்லை.
ஒவ்வொரு சிற்றலையையும் பேர் சொல்லி
என் கடைவாய்ப் பல்வரை அனுப்பியது.
முன்பாதத்தை ஒரு விரல் பின்னே வைத்தால் அடங்குகிறது.
அரை விரல் கூடிப்போனால் மூக்கு எழுந்து
பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
மூன்று தடவை. மூன்றும் என் தப்பு.
நாலாவதைப் பாதித் தப்பு என்று போடுங்கள்.

கரையேறினதும் கவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன்.
பட்டத்தை இறக்கித் திரும்பினால்
மாதிரி எண் ஏழு தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது,
கரணம் போட்டு, குத்தி, மறுபடி எழுந்து, சாலைவரை.
சுற்றுலா வேன் ஒன்று பிரேக் போட்டு வழிவிட்டது.
வால்முனையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்துவிட்டது.
மறைக்கவில்லை. கரையில் வைத்தால்
மேலே இரண்டு கை ஈரமணல் போடச் சொல்லி
பெட்டியிலேயே அச்சிடுங்கள்.

லூசியன் கேட்டான். பழகி இரண்டே மாதம்,
நேரே போகத் தெரியும், திரும்பத் தெரியாது.
ஒரே ஒரு சுத்து, அக்கா.
கொடுத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில்
எட்டுத் தடவை உட்கார்ந்தான்.
மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து சொன்னான்,
பலகை சரியில்ல.
'தேர்ந்தவர்களுக்கு மட்டும்' என்ற கட்டத்தில் டிக் செய்தேன்.

யாரை வாங்கச் சொல்வீர்கள்?
தட்டைத் தண்ணீரும் நல்ல முழங்காலும் உள்ளவரை.
இரண்டாவது பலகையாக. முதலாவதை விற்றுவிட வேண்டாம்.

நீங்கள் வாங்குவீர்களா?
இந்தக் கட்டம் ரொம்பச் சின்னது.
கழிக்குள் போட்ட அந்த ஒரு வளைவு
இன்னும் தொடையில் இருக்கிறது,
படி ஏறும்போது தெரிகிறது.
மாதத் தவணை எவ்வளவு என்று
கேட்டுச் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை கூரியரில் போடுகிறேன்.
அங்கே நிறுத்து, எடை கூடியிருந்தால்
பாதப்பட்டைக்குள் பாருங்கள்.
இரண்டு முறை கழுவினேன், போகவில்லை.
சில்லாகப் போனது ஒரு கிராம்,
மணலாக வந்தது நாலு.